பொம்மை சேக்குறவங்க பட்டுத் தெரிஞ்சு ஒதுக்குற பர்ச்சேஸ்: வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டெப் பை ஸ்டெப்பா என்ன பாக்கணும்

நான் பொம்மை சேக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு பார்பி வாங்குனேன். உடம்புல பின்பக்கம் 1966-னு பொறிச்சிருந்துச்சு, வித்தவரும் அறுபதுகள்ல வந்ததுன்னு சொன்னாரு, நானும் நம்பி என் அப்போதைய நிலைமைக்கு ரொம்பப் பெரிய தொகை குடுத்து வாங்கிட்டேன். சில மாசம் கழிச்சு தான் விவரம் தெரிஞ்ச ஒருத்தங்க அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு இது எண்பதுகள்ல செஞ்சதுன்னு சொன்னாங்க. பின்னாடி இருந்த நம்பர் பொய் இல்ல, அது அந்த உடம்பு அச்சுக்கு காப்பிரைட் பதிஞ்ச வருஷம். 1967-ல இடுப்பு திரும்புற ட்விஸ்ட் அண்ட் டர்ன் பார்பி வந்துச்சு இல்லையா, அதுக்காகப் போட்டது, அதுக்கப்புறம் பல வருஷம் வந்த பொம்மைகள்லயும் அதே 1966 தான் இருக்கும்.

அன்னைக்கு நான் வாங்குனது பொம்மையை இல்ல, ஒரு நம்பரை. அதுக்கப்புறம் நானும் எனக்குத் தெரிஞ்ச கலெக்டர்ஸும் வாங்கி வருத்தப்பட்டதை எல்லாம் யோசிச்சுப் பாத்தா பாதிக்கு மேல இதே கதை தான், பொம்மையைச் சரியா பாக்காம அதோட கூட வந்த பேப்பருக்கும் பாக்ஸுக்கும் பேச்சுக்கும் காசு குடுத்திருக்கோம். அதனால இந்த கைடை நீங்க ஒரு பொம்மையைப் பாத்ததுலேந்து அது வீட்டுக்கு வர்ற வரைக்கும் என்னென்ன செய்யணுமோ அதே வரிசைல எழுதியிருக்கேன்.

ஸ்டெப் 1: விலை ஏறும்னு நெனச்சு வாங்குறீங்களான்னு உங்களையே கேளுங்க

இதை முதல்ல வைக்கக் காரணம் இருக்கு. பிற்காலத்துல நல்ல விலைக்குப் போகும்னு வாங்குன பொம்மைகள் தான் இன்னைக்கு நிறைய வீட்டுப் பரண்ல கிடக்கு. கிறிஸ்துமஸ் சீசனுக்குன்னு வருஷா வருஷம் வந்த ஹாப்பி ஹாலிடேஸ் பார்பியை எடுத்துக்கோங்க, முதல் பொம்மை 1988-ல வந்துச்சு, கம்மியா தான் செஞ்சிருந்தாங்க, கிடைக்காதவங்க தேடித் தேடி வாங்குனதுல விலை ஏறுச்சு. அதைப் பாத்து தொண்ணூறுகள்ல எல்லாரும் ரெண்டு மூணுன்னு வாங்கி பாக்ஸைக் கூட பிரிக்காம எடுத்து வச்சாங்க, கம்பெனியும் அதுக்கேத்த மாதிரி ஏராளமா செஞ்சு தள்ளுனாங்க. இப்போ எல்லாரும் ஒரே நேரத்துல விக்கப் பாக்குறாங்க, எல்லார்கிட்டயும் அதே பொம்மை புத்தம் புதுசா இருக்கு, வாங்கத் தான் ஆள் இல்ல. எல்லாரும் பத்திரப்படுத்துன பொருள் அரிதாகவே ஆகாது, இது ஒண்ணு புரிஞ்சாலே பாதி காசு மிச்சம்.

கேபேஜ் பேட்ச் கிட்ஸும் அப்படித்தான். 1983 கிறிஸ்துமஸ் நேரத்துல கடைகள்ல ஜனங்க அடிச்சுக்கிட்டு வாங்குன பொம்மை அது, கோடிக்கணக்குல வித்துச்சு. பின்பக்கம் அதை உருவாக்குனவர்னு அறியப்படுற ஸேவியர் ராபர்ட்ஸோட கையெழுத்து இருக்கும், அதைக் காட்டி அவரே கைப்பட போட்டதுன்னு சொல்லி விக்கிறவங்க இருக்காங்க. ஃபேக்டரில செஞ்ச பொம்மைகள்ல அது அச்சு, வருஷத்துக்கு வருஷம் கலர் மாத்துவாங்க, 1983-ல கருப்பு, 1984-ல பச்சை, 1985-ல நீலம். வருஷம் கண்டுபிடிக்க உதவுமே தவிர கூடுதல் காசு குடுக்க அதுல ஒண்ணும் இல்ல.

பிடிச்சிருக்கு, தினமும் பாத்தா சந்தோஷமா இருக்கும்னா தாராளமா வாங்குங்க. நாளைக்கு இதோட விலை பாதியா ஆனாலும் எனக்கு இது வேணுமான்னு கேட்டுப் பாருங்க, ஆமான்னு வந்தா மட்டும் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 2: லிமிடெட் எடிஷன்னு இருந்தா எத்தனைன்னு எண்ணிக்கை கேளுங்க

எண்பது தொண்ணூறுகள்ல தபால் ஆர்டர்ல வந்த பீங்கான் பொம்மைகள் நெறைய இருக்கு, கூடவே தங்கக் கரை போட்ட ஒரு சர்டிஃபிகேட் இருக்கும். நல்லா படிச்சுப் பாருங்க, பலதுல மொத்தம் எத்தனை பொம்மைன்னு இருக்காது, இத்தனை ஃபயரிங் டேஸ்னு இருக்கும், அதாவது சூளை இத்தனை நாள் ஓடும், அந்த நாள்ல எவ்வளவு முடியுமோ அவ்வளவும் செய்வாங்க. அதை எண்ணிக்கைன்னு எப்படி எடுத்துக்க முடியும்? 500-ல 37-வதுன்னு தெளிவா நம்பர் போட்டிருந்தா அது வேற. அப்படியே நம்பர் இருந்தாலும் கம்மியா செஞ்சதுனால மட்டும் மதிப்பு வந்துடாது, தேடுறவங்களும் வேணும். இந்த வகை பொம்மைகள்ல சிலது உண்மையாவே அழகு, முகம் பிடிச்சிருந்தா செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க, சர்டிஃபிகேட்டுக்குன்னு தனியா எதுவும் குடுக்க வேணாம்.

ஸ்டெப் 3: வருஷத்தை நீங்களே சரி பாருங்க

என் 1966 கதையை மேலயே சொல்லிட்டேன். தலைக்குள்ள, கழுத்துக்குப் பின்னாடி இருக்குற வருஷமும் அதே மாதிரி அச்சோட வருஷமா தான் பெரும்பாலும் இருக்கும், பொம்மை செஞ்ச வருஷமா இருக்கணும்னு இல்ல. அதனால முகப் பெயிண்ட், கண் இமை, முடி, கை கால் அமைப்பு எல்லாத்தையும் சேத்துப் பாத்து தான் முடிவு பண்ணணும்.

1959-ல வந்த முதல் பார்பிக்கு கருவிழியைச் சுத்தி கலரே இருக்காது, வெள்ளையா விட்டிருப்பாங்க, புருவம் நல்லா வளைஞ்சு கூரா இருக்கும், ஸ்டாண்டுல நிக்க வைக்க பாதத்துல ஓட்டை போட்டு உள்ள செம்புக் குழாய் வச்சிருப்பாங்க, உடம்பு வெளிறி தந்தம் மாதிரி ஆகியிருக்கும். ஓட்டை இல்ல, கண்ணுல நீலம் இருக்குன்னா அது பின்னாடி வந்தது. 1994-ல 35-வது வருஷக் கொண்டாட்டத்துக்கு பார்பி செய்யுற மேட்டல் கம்பெனியே அந்த முதல் பொம்மையைத் திரும்பச் செஞ்சு விட்டாங்க, அதே கோடு போட்ட ஸ்விம்சூட், அதே போனிடெயில். அதையே ஒரிஜினல்னு நெனச்சு விக்கிறவங்களும் இருக்காங்க, தெரிஞ்சே விக்கிறவங்களும் இருக்காங்க.

ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் மாதிரி செஞ்ச பொம்மையும் இப்படித்தான் குழப்பும். ஐடியல் கம்பெனி 1934-ல முதல்ல விட்டது காம்போசிஷன்ல, அதாவது மரத்தூளும் பசையும் கலந்த கலவைல, திரும்ப 1957-ல விட்டது வினைல்ல. தொட்டுப் பாத்தா ரப்பர் மாதிரி இருந்துட்டு முப்பதுகள்ல வந்ததுன்னு சொன்னா நம்பாதீங்க.

இன்னும் பழைய ஜெர்மன் பீங்கான் தலைகளுக்கு ஒரு சின்ன துப்பு. 1891-லேந்து அமெரிக்காவுக்கு இறக்குமதி ஆகுற சரக்குல நாட்டோட பேர் இருக்கணும்னு சட்டம் வந்துச்சு, அதனால கழுத்துல ஜெர்மனின்னு பொறிச்சிருந்தா பெரும்பாலும் அதுக்கப்புறம் வந்தது தான். நூறு வருஷம் பழசுன்னு கேட்டதும் உடனே பையைத் திறக்காதீங்க, ஆர்மண்ட் மார்செய் கம்பெனியோட 390 நம்பர் தலையை அவ்வளவு செஞ்சிருக்காங்க, இன்னைக்கும் சுலபமா கிடைக்குது. நல்ல பொம்மை தான், பழசும் தான், ஆனா அபூர்வம்னு யாராவது சொன்னா அது சரி இல்ல.

ஸ்டெப் 4: எதால செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு என்ன வியாதி வரும்னு பாருங்க

இந்த ஸ்டெப்பை மட்டும் ரெண்டு தடவை படிங்க. முகம் அழகா இருக்குன்னு வாங்குன பொம்மை உள்ளுக்குள்ள அழுகிக்கிட்டு இருந்தா நீங்க என்ன செஞ்சாலும் திரும்பாது, அதைப் பாத்துக்கிட்டே இருக்குறது அவ்வளவு வருத்தமா இருக்கும்.

வினைல் பொம்மைல மென்மையா இருக்கணும்னு பிளாஸ்டிசைசர் கலந்திருப்பாங்க, வருஷம் போகப் போக அது வெளிய கசிஞ்சு வரும். கால் பிசுபிசுன்னு ஒட்டும், தூசி எல்லாம் அப்பிக்கும், துடைச்சா கொஞ்ச நாள் நல்லா இருக்கும் திரும்ப வரும். காத்து போகாத பிளாஸ்டிக் கவர்ல மூடி வச்சிருந்தா இன்னும் மோசம். விக்கிறவங்ககிட்ட கால் ஒட்டுதான்னு நேரடியா கேளுங்க, சுத்தி வளைச்சு பதில் வந்தா விட்டுடுங்க. இன்னொண்ணு, தலை ஒரு பிளாஸ்டிக், உடம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு இருக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வயசாகும், அதனால லேசா கலர் வித்தியாசம் இருந்தா உடனே மாத்திப் போட்ட பார்ட்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆனா ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவுல பெரிய வித்தியாசம்னா சந்தேகப்படலாம்.

பழைய பார்பிகளோட காதுல பச்சை. உலோகக் கம்மல்ல இருக்குற செம்பு அரிச்சு பச்சையா வினைலுக்குள்ள ஊறிடும், மேல துடைச்சா போகாது, கன்னம் வரைக்கும் பரவுனதைக்கூட பாத்திருக்கேன். பென்சாயில் பெராக்சைடு க்ரீம் போட்டு எடுக்குறாங்க, ஆனா அது ப்ளீச் பண்ற மருந்து, கறையோட சேத்து தோல் கலரையும் வெளுத்துடும், வெள்ளைத் திட்டு விழுந்தா அதை மாத்தவே முடியாது. சுலபமா போயிடும்னு சொல்லி விக்கிறவங்ககிட்ட அப்படின்னா நீங்களே எடுத்துட்டு விக்கலாமேன்னு கேளுங்க.

நாப்பது அம்பதுகள்ல வந்த சில ஹார்ட் பிளாஸ்டிக் பொம்மைகள் செல்லுலோஸ் அசிடேட்ல செஞ்சது, இது கெட ஆரம்பிச்சா வினிகர் வாசனை வரும். அந்த வாசனை தான் நோய், அசிட்டிக் அமிலம் வெளிய வருதுன்னு அர்த்தம், வர வர வேகமா ஆகும், பக்கத்துல இருக்குற அதே வகை பொம்மைகளையும் கெடுக்கும். வினிகர் வாசனை வர்ற பொம்மையை சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. ஆன்லைன்ல வாசனை தெரியாது, அதனால எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

செல்லுலாய்டு அதுக்கும் பழசு, ரொம்ப லேசா இருக்கும், கட்டை விரலால அழுத்துனா உள்ள போயிடும் போல இருக்கும், தீப்பிடிச்சா சட்டுனு எரியும். ஊசியைச் சூடு பண்ணி வச்சுப் பாருங்கன்னு பழைய ஆளுங்க சொல்ற டெஸ்ட்டைத் தயவுசெஞ்சு செய்யாதீங்க. செல்லுலாய்டு கெடும்போது வர்ற வாயு பக்கத்துல இருக்குற உலோகத்தை அரிக்கும், துணியைக் கெடுக்கும், வச்சிருந்தா தனியா காத்தோட்டமா வைக்கணும், புதுசா சேக்குறவங்களுக்கு நான் வேண்டாம்னு தான் சொல்லுவேன்.

காம்போசிஷன்னா மரத்தூளும் பசையும் கலந்து அச்சுல அழுத்தி மேல பெயிண்ட் அடிச்சது. ஈரமும் சூடும் மாறி மாறி பட்டா மேல வலை மாதிரி வெடிப்பு விழும். லேசான வலைக்கோடு இருந்தா ஏத்துக்கலாம், அந்த வயசுக்கு அது சகஜம். பெயிண்ட் தூக்கிக்கிட்டு உதிருதுன்னா வேண்டாம். தண்ணி வச்சு மட்டும் துடைச்சிடாதீங்க, பெயிண்ட் துணியோட வந்துடும்.

பீங்கான்ல, அதாவது பளபளப்பு இல்லாத பிஸ்க் தலைல பாக்க வேண்டியது விரிசல். தலையோட மேல்மூடியைக் கழட்டிட்டு இருட்டு ரூம்ல உள்ள ஒரு சின்ன டார்ச் வச்சா வெளிய கண்ணுக்கே தெரியாத முடி மாதிரி கோடு கூட கருப்பா தெரியும். மேல பூசி மறைச்சிருந்தா அல்ட்ரா வயலட் லைட்ல அந்த இடம் மட்டும் வேற மாதிரி தெரியும். ப்ரூ, ஜூமோ மாதிரி பிரெஞ்சு பொம்மைகளுக்கு நகல் ரொம்ப ரொம்ப அதிகம். ஒரிஜினல் தலைலேந்து அச்சு எடுத்துச் செஞ்சா சூளைல களிமண் சுருங்கும், அதனால நகல் கொஞ்சம் சின்னதா வரும், அளவு டேப் வச்சு தலைச் சுற்றளவைப் பாத்து புத்தகத்துல இருக்குற அளவோட ஒப்பிடுங்க.

ரெசின் பால் ஜாயின்டட் பொம்மைகள், அதாவது மூட்டுல உருண்டை வச்சு உள்ள எலாஸ்டிக்கால கோத்த பொம்மைகள், வெயில்ல மஞ்சளாகும், இருட்டுல வச்சாலும் மெதுவா ஆகும். அதனால செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது விக்கிற போட்டோவுல முகம் மட்டும் வெளுப்பா இருந்தா விக்கைக் கழட்டி உச்சந்தலையையும், டிரெஸ்ஸைக் கழட்டி உடம்பையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முகத்துக்கும் இந்த இடங்களுக்கும் கலர் வேறயா இருந்தா எவ்வளவு மஞ்சளாகியிருக்குன்னு தெரிஞ்சிடும். கருப்பு, சிவப்புத் துணி போட்டே வச்சிருந்த பொம்மைன்னா உடம்புல சாயம் இறங்கியிருக்கும், வினைலுக்கும் இது பொருந்தும்.

ஸ்டெப் 5: முடி

சுருக்கமா சொல்றேன். பொம்மை முடி எல்லாம் செயற்கை இழை தான், அதுல சாரன், நைலான் வகை முடியை கழுவி சீவி சரி பண்ணலாம். பாலிப்ரொப்பிலீன் முடி வறண்டு பஞ்சு மாதிரி ஆயிடும், எவ்வளவு பண்ணாலும் பழையபடி படியாது. வெட்டிட்ட முடியைத் திரும்ப ஒட்ட முடியாது, அளவா டிரிம் பண்ணிருக்குன்னு எழுதியிருந்தா குழந்தை கத்திரிக்கோல் வச்சிருக்குன்னு எடுத்துக்கோங்க. சில புது பொம்மைகள்ல முடி உதிராம இருக்க தலைக்குள்ள பசை ஊத்தியிருப்பாங்க, கொஞ்ச வருஷத்துல அது வெளிய கசிஞ்சு முடி எண்ணெய் தடவுன மாதிரி ஒட்டும். கழுவுனா போகாது, பவுடர் போட்டா கொஞ்ச நாள் தான் தாங்கும். தலையை மெதுவா அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா உள்ள பசை இருக்கு.

ஸ்டெப் 6: பாக்ஸ் பிரிக்கலன்னா பொம்மை நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல

இதுல தான் அனுபவசாலிகளே இன்னும் ஏமாறுறாங்க. பாக்ஸுக்குள்ளயே இருபது முப்பது வருஷம் இருந்த பொம்மைல முடியைக் கட்டி வச்ச சின்ன ரப்பர் பேண்ட் உருகி முடியோட ஒட்டியிருக்கும், சிவப்பு ஷூ காலுக்கு நிறம் ஏத்தியிருக்கும், கம்மல் காதுல பச்சை விட்டிருக்கும், ஜன்னல் பிளாஸ்டிக் வழியா வெயில் பட்ட பக்கம் மட்டும் டிரெஸ் வெளுத்திருக்கும். பிரிச்சுப் பாத்தா மதிப்பு போயிடும்னு யாரும் பாக்கவும் மாட்டாங்க, அப்படியே கைமாறிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை அப்படி ஒண்ணை வாங்கி நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு பிரிச்சேன், பின்பக்க முடி முழுக்க மஞ்சள் பசையா இருந்துச்சு. இப்போல்லாம் பாக்ஸுக்குன்னு கூடுதல் காசு கேட்டா நான் நகர்ந்துடுவேன். பிரிச்சு நல்லபடியா பாத்துக்கிட்ட பொம்மை தான் எனக்கு வேணும்.

பாக்ஸ் உங்களுக்கு முக்கியம்னா ஓரத்துல டேப்பை ரெண்டாவது தடவை ஒட்டுன தடம் இருக்கான்னும், உள்ள கட்டியிருக்குற கம்பி, நூல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கான்னும் பாருங்க.

ஸ்டெப் 7: நகலா, போட்டோ திருட்டான்னு பாருங்க

ஜப்பானோட வோல்க்ஸ் கம்பெனி 1999-ல சூப்பர் டால்ஃபின்னு பால் ஜாயின்டட் பொம்மை விட்டதுலேந்து ரெசின் பொம்மை உலகம் பெருசாச்சு, கூடவே ரீகாஸ்ட்டும் வந்துச்சு. ரீகாஸ்ட்னா ஒருத்தர் மாசக்கணக்கா செதுக்குன பொம்மையை இன்னொருத்தர் வாங்கி அச்சு எடுத்து அவருக்குத் தெரியாம செஞ்சு விக்கிறது. செதுக்குனவருக்கு ஒரு பைசா போகாது, சின்ன ஸ்டுடியோக்களுக்கு இது பெரிய அடி. எனக்கு இதுல மாற்றுக் கருத்தே கிடையாது, காசு சேரட்டும்னு காத்திருந்து ஒரிஜினல் வாங்குங்க, இல்ல செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க. நகல்ல மூட்டு சரியா உக்காராது, விரல் நகம், காது மடிப்பு எல்லாம் மழுங்கியிருக்கும், திரும்ப விக்கவும் முடியாது, விவரம் தெரிஞ்சவங்க தொட மாட்டாங்க. கம்பெனி சர்டிஃபிகேட், வாங்குன ரசீது ரெண்டையும் கேளுங்க, சர்டிஃபிகேட்டையே நகல் எடுக்குறாங்கன்னு ஞாபகம் இருக்கட்டும்.

பெரிய தலையும் பெரிய கண்ணுமா இருக்குற ப்ளைத் பொம்மையை 1972-ல அமெரிக்காவோட கென்னர் கம்பெனி ஒரே வருஷம் தான் செஞ்சாங்க, பின்னாடி கயிறை இழுத்தா கண் நாலு கலர் மாறும். 2001-ல ஜப்பான்ல டகாரா கம்பெனி திரும்பக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு ஆன்லைன்ல மலிவா ப்ளைத்னு வர்றதுல நிறைய ரெண்டுல எதுவும் இல்ல. கஸ்டமைஸ் பண்ணிப் பழக அதை வாங்குறவங்க இருக்காங்க, தெரிஞ்சு வாங்குனா சரி, கென்னர் விலை குடுத்து வாங்குனா தான் பிரச்சனை.

நெசக் குழந்தை மாதிரியே இருக்குற ரீபார்ன் பொம்மைகள்ல தான் அதிக கண்ணீர் பாத்திருக்கேன். ஒரு ஆர்ட்டிஸ்ட் கையால பெயிண்ட் பண்ணி ஒவ்வொரு முடியா நட்ட பொம்மையோட போட்டோவைத் திருடி விளம்பரம் போடுவாங்க, வந்து சேர்றது மெல்லிசா ஒரு வினைல் தலையும் பஞ்சு உடம்பும். ஃபுல் சிலிக்கான் வேற, சிலிக்கான் வினைல்னு எழுதுறது வேற, ரெண்டாவது வெறும் வினைல் தான். போட்டோவை ரிவர்ஸ் இமேஜ் சர்ச் பண்ணுங்க, இன்னைக்குத் தேதி எழுதுன ஒரு பேப்பரைப் பொம்மை பக்கத்துல வச்சு புது போட்டோ கேளுங்க. நேர்மையா விக்கிறவங்க அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க.

ஸ்டெப் 8: மொத்தமா, ரிப்பேர் பண்ணிக்கலாம்னு வாங்காதீங்க

முப்பது பொம்மை ஒரே கவர்ல மலிவா வரும், அதுல ஒண்ணு மட்டும் நமக்கு வேணும், மீதி இருபத்தொம்பதும் வீட்ல இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். அந்த ஒண்ணையே தனியா வாங்குனா எவ்வளவு ஆகும்னு முதல்ல கணக்கு போடுங்க. ரிப்பேர் பொம்மையும் அப்படித்தான், எலாஸ்டிக் மாத்துறது, டிரெஸ் துவைக்கிறதுன்னா பழகிக்கலாம், முகத்தைத் திரும்ப பெயிண்ட் பண்றது, ரெசினைத் தேய்க்கிறதுக்கெல்லாம் தனியா சாமான் வேணும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் இல்லாம தேய்க்கவே கூடாது. ஒரு சமயத்துல ஒரு ரிப்பேர் பொம்மைக்கு மேல வீட்ல வச்சுக்கிறதில்லன்னு நான் வச்சிருக்கேன், அது முடிஞ்சா தான் அடுத்தது.

ஸ்டெப் 9: பார்சல் வந்ததும்

பிரிக்கும்போதே வீடியோ எடுங்க, பாக்ஸோட நாலு பக்கமும் தெரியணும். எடுத்ததும் முதல்ல மோந்து பாருங்க, வினிகரா, பூஞ்சையா, சிகரெட்டான்னு. உடனே மத்த பொம்மைகளோட வைக்காதீங்க, ரெண்டு மூணு வாரம் வேற ரூம்ல தனியா இருக்கட்டும். கம்பளி, ஃபெல்ட், மோஹேர்னு சொல்ற ஆட்டு முடி விக் இருக்குற பொம்மைன்னா கண்டிப்பா, ஏன்னா துணிப்பூச்சி முட்டை கண்ணுக்குத் தெரியாது, ஒரு பொம்மைலேந்து அலமாரி முழுக்க பரவிடும். ரப்பர் பேண்ட், உலோகக் கம்மல், கலர் ஷூ மூணையும் அன்னைக்கே கழட்டி ஒரு சின்ன கவர்ல போட்டு பேர் எழுதி வச்சிடுங்க. கருப்புத் துணிக்கும் உடம்புக்கும் நடுவுல ஆசிட் இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பர் வைங்க. அதுக்கப்புறம் பகல் வெளிச்சத்துல முன்னாடி பின்னாடி, உள்ளங்கால், தலைக்குள்ள எல்லாம் போட்டோ எடுத்து, வாங்குன தேதியோட ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, அடுத்த வருஷம் அதே நாள்ல திரும்ப எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா கால் ஒட்ட ஆரம்பிச்சிருக்கா, மஞ்சளாகுதா, காதுல பச்சை வருதான்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும்.